மலையடிவாரத்தில் நேரடிக் காட்சி: புளியறை வட்டாரத்துச் சரித்திரத்தில் ஓர் ஏடு

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் கொல்லத்திலிருந்து கிழக்கே வரும் நெடுஞ்சாலை, வளைந்து வளைந்து மலையை விட்டு இறங்கித் தமிழ்நாட்டு மண்ணில் முதன்முதலாகச் சமநிலம் காணுமிடத்தில் இருப்பது புளியறை. சோதனைச்சாவடியின் முன்னே வரிசையாக நிற்கும் லாரிகளும், சாலையோரத்து நெல்வயல்களும், தட்சிணாமூர்த்தி சந்நிதியை நாடி வருகின்ற பக்தர்களும் அந்த ஊருக்கு அடையாளங்கள். ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று இந்தக் கணவாயின் வழியே புகுந்து செங்கோட்டை, குற்றாலம், தென்காசி ஆகிய ஊர்களைச் சாரலில் நனைக்க, பேரருவியும் ஐந்தருவியும் பெருக்கெடுக்கின்றன. அதே மாதங்கள் இங்கிலாந்து தேசத்துக்குக் கோடைகாலம். அங்கே கிரிக்கெட்டுக்கும் விம்பிள்டன் டென்னிஸுக்கும் அதுவே பருவம். அங்கே காலையில் தொடங்குகிற ஆட்டம் இங்கே பிற்பகலில் தொடங்கி, விளக்கு வைத்து வெகுநேரமான பிறகு முடியும். ஆகவே இந்த மலையடிவாரத்து ஜனங்களுக்குச் சாரல் காலமும் சீமையிலிருந்து வரும் ஆட்டங்களின் காலமும் பல தலைமுறைகளாக ஒன்றாகவே அமைந்திருக்கின்றன.

கேபிள் இணைப்பை விட்டுவிட்டு இணையத்தின் வழியே நிகழ்ச்சிகளைப் பார்க்கும் வழக்கம் பட்டணங்களில் தொடங்கி இந்த வட்டாரத்துக்கும் வந்துவிட்டது. சினிமாவுக்கும் தொடர்கதைகளுக்கும் அந்த மாற்றத்தால் யாதொரு குறையும் இல்லை. நினைத்த நேரத்தில் பார்க்கலாம் என்பதால் சௌகரியமே மிகுதி. ஆனால் கேபிளை நிறுத்திவிட நினைக்கும் வீட்டில், "அப்படியானால் மேட்ச் எப்படிப் பார்ப்பது?" என்ற கேள்வி யாராவது ஒருவரிடமிருந்து எழாமல் இராது. சாதாரணமாகத் தோன்றும் இந்தக் கேள்விக்குப் பின்னால் எண்பது வருஷச் சரித்திரம் இருக்கிறது. தூரத்தில் நடைபெறும் ஓர் ஆட்டத்தை அது நடக்கும் நிமிஷத்திலேயே அறிய வேண்டும் என்ற ஆசைக்கு இந்தப் பிரதேசத்தில் முதலில் மலை தடையாக இருந்தது. பிறகு சட்டம் தடையாக இருந்தது. இப்போது விலை தடையாக இருக்கிறது. ஒவ்வொரு தடையையும் கடந்த விதத்தைக் கூறுவதும், கடைசித் தடையைக் கடப்பதற்கு நமக்கு உள்ள நியாயத்தை எடுத்துரைப்பதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

எண்பது வருஷங்களுக்கு முன் புளியறை திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த ஊர். செங்கோட்டைத் தாலுகாவின் பெரும்பகுதி 1956 நவம்பர் 1-ஆம் தேதி சென்னை ராஜ்யத்தோடு இணைந்தபோது இதுவும் தமிழ்நாட்டுக்கு வந்தது. அதற்கு முன்னரே, 1943-இல், சமஸ்தானம் திருவனந்தபுரத்தில் ஒரு வானொலி நிலையத்தை அமைத்திருந்தது. 1950-இல் அது அகில இந்திய வானொலியின் வசமாயிற்று. மலையை அரசியல் எல்லையாக வகுத்தவர்கள் மனிதர்களே. மத்திய அலைவரிசை வானொலிக்கு அந்த எல்லை பெரிய தடையன்று. இரவு வேளையில் அந்த அலை மேலே அயனி மண்டலத்தில் மோதித் திரும்பி நெடுந்தூரம் போய் இறங்கும் இயல்புடையது. அதனால் திருவனந்தபுரமும், திருச்சிராப்பள்ளியும், கடலுக்கு அப்பாலிருந்து இலங்கை வானொலியும் இந்த ஊர்களில் ஒலித்தன. 1963 டிசம்பர் 1-ஆம் தேதி திருநெல்வேலியில் வானொலி நிலையம் தொடங்கிய பிறகு, அருகிலிருந்தே தெளிவாகப் பேசும் குரல் ஒன்று கிடைத்தது. சொந்தமாக ரேடியோ வாங்க வசதியில்லாதவர்களுக்கு ஊராட்சி மன்றத்து வானொலிப் பெட்டி இருந்தது. மாலையானதும் ஒலிபெருக்கியின் வழியே அது ஊர் முழுமைக்கும் செய்தி சொல்லிற்று.

நேரடி வர்ணனை என்ற கலை இந்த மண்ணுக்கு வந்து சேர்ந்ததும் வானொலியால்தான். ஆங்கிலத்திலேயே கேட்டுப் பழகியிருந்த கிரிக்கெட்டைத் தமிழில் சொல்ல முடியுமா என்ற சந்தேகம் பண்டிதர்களுக்கும் இருந்தது, விளையாட்டு அறிந்தவர்களுக்கும் இருந்தது. சேப்பாக்கத்தில் ஆட்டம் நடக்கும்போது சென்னை நிலையம் தமிழில் வர்ணிக்கத் தொடங்கியதும் அந்தச் சந்தேகம் நீங்கியது. அந்தக் கலையில் பெயர் பெற்றவர்களுள் ஒருவரான அப்துல் ஜப்பார், இந்தத் தென்பாண்டி நாட்டுச் சாத்தான்குளத்தைச் சேர்ந்தவர். பந்து எறியப்படுவதற்கும் மட்டையில் படுவதற்கும் இடையே உள்ள அந்தக் கண நேரத்தில் களத்தின் நிலை முழுவதையும் சொல்லி முடிக்கவேண்டிய கட்டாயத்தில் தமிழ் உரைநடை ஒரு புதிய வேகத்தைக் கற்றுக்கொண்டது. பத்திரிகையில் மறுநாள் படித்து அறியும் செய்திக்கும், நிகழும்போதே கேட்டுப் பதைபதைக்கும் அனுபவத்துக்கும் உள்ள பேதத்தை இந்தக் கிராமங்கள் உணர்ந்துகொண்டது அப்போதுதான்.

தொலைக்காட்சியின் விஷயம் வேறு. அதன் அலை பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வது. குறுக்கே மலை நின்றால் நின்றுவிடும், பூமியின் வளைவுக்கு அப்பால் இறங்காது. டில்லியில் 1959-இல் தொடங்கிய தூர்தர்ஷன் சென்னைக்கு வந்தது 1975 ஆகஸ்ட் 15-ஆம் தேதி. சென்னைக்கும் செங்கோட்டைக்கும் இடையே இருந்ததோ மாநிலத்தின் முழு நீளம். மேற்கே திருவனந்தபுரத்தில் நிலையம் அமைந்தபோதும் நடுவே மலை எழுந்து நின்றது. இந்த நிலையில், 1982 பிப்ரவரி 15-ஆம் தேதி இலங்கையின் ரூபவாகினி ஒளிபரப்பைத் தொடங்க, அத்தீவின் மிக உயர்ந்த சிகரமான பிதுருதலாகலையிலிருந்து புறப்பட்ட அலைகள் கடற்பரப்பின் மேல் தவழ்ந்து தூத்துக்குடி, ராமநாதபுரம் கரையோரங்களை எட்டின. உயரமான கம்பத்தின் மீது ஆன்டெனாவை ஏற்றிக் கிழக்கு நோக்கித் திருப்பிவைத்தவர்களுக்கு, சொந்த நாட்டின் ஒளிபரப்பு வருமுன்பே அயல்நாட்டின் படம் வந்தது. ரூபவாகினி தொடங்கி இரண்டே நாட்கள் கழித்து, பிப்ரவரி 17-ஆம் தேதி, இலங்கை அணி தன் முதலாவது டெஸ்ட் பந்தயத்தை இங்கிலாந்துக்கு எதிராகக் கொழும்பில் ஆடத் தொடங்கியது என்பது குறிப்பிடத்தக்க ஒற்றுமை. பிற்பாடு கொடைக்கானல் மலையுச்சியில் எழுந்த தூர்தர்ஷன் கோபுரம், ஏறத்தாழ 140 கிலோமீட்டர் வடக்கே இருந்தபோதிலும், தன் உயரத்தின் பலத்தால் தென்மாவட்டங்கள் பலவற்றுக்கும் ஒளிபரப்பைக் கொண்டுவந்தது. பொதிகை மலையின் அடிவாரத்து ஜனங்கள் பழனி மலைத்தொடரின் உதவியால் உலகத்தைப் பார்த்தார்கள்.

1983 ஜூன் 25-ஆம் தேதி லார்ட்ஸ் மைதானத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டம் இந்த இடைக்காலத்தில் நிகழ்ந்தது. 183 ஓட்டங்களை மட்டுமே எடுத்த இந்தியா, மேற்கிந்தியத் தீவு அணியை 140-இல் வீழ்த்தி 43 ஓட்டங்களில் வென்ற கதையை அறியாதவர் இல்லை. ஆயினும் சாரல் வீசிக்கொண்டிருக்கும் ஆனி மாதத்து அந்த இரவிலே தென்மாவட்டக் கிராமங்களில் அதைக் கண்ணால் கண்டவர்களைவிடக் காதால் கேட்டவர்களே மிகுதியாக இருந்திருக்க வேண்டும். ஏனெனில் தொலைக்காட்சிப் பெட்டியே அப்போது அரிய பொருள். அந்தப் போட்டித் தொடரில் டன்பிரிட்ஜ் வெல்ஸ் மைதானத்தில் ஜிம்பாப்வேக்கு எதிராகக் கபில்தேவ் ஆட்டமிழக்காமல் குவித்த 175 ஓட்டங்களை உலகத்திலேயே எந்தத் தொலைக்காட்சியும் காட்டவில்லை. அங்கே அன்று காமிரா இல்லை. இந்தியாவின் மிகப் பிரசித்தமான ஆட்டங்களுள் ஒன்று, நேரில் இருந்தோரின் ஞாபகத்திலும் மதிப்பெண் ஏட்டிலும் மட்டுமே வாழ்கிறது. காட்சியாக்கப்படாத ஆட்டம் எவ்வளவு பெரியதாயினும் பொதுச்சொத்து ஆவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல திருஷ்டாந்தம் கிடைப்பது அரிது.

எண்பதுகளின் நடுவிலே பெட்டிகள் பெருகின. பெட்டி இருக்கும் வீடு ஞாயிற்றுக்கிழமைகளிலும் பந்தய நாட்களிலும் தெருவுக்கே பொதுவாயிற்று. திண்ணையிலும் சன்னலோரத்திலும் நின்று பார்த்தவர்களை உள்ளே அழைத்து உட்காரவைப்பது வீட்டுக்காரருக்கு மரியாதையாகக் கருதப்பட்டது. 1986 செப்டம்பர் 22-ஆம் தேதி சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட், ஐந்தாம் நாளின் கடைசி ஓவரில், இன்னும் ஒரே பந்து எஞ்சியிருக்கையில், சரிநிகரில் முடிந்தது. டெஸ்ட் கிரிக்கெட்டின் சரித்திரத்தில் அத்தகைய முடிவு அதற்கு முன் ஒரே ஒரு முறைதான் நேர்ந்திருந்தது. அப்படிப்பட்ட நிமிஷத்தைப் பத்துப்பேரோடு சேர்ந்து பார்த்தவர்கள், நேரடிக் காட்சி என்பது கண்ணுக்குரிய விஷயம் மட்டுமன்று, கூட்டத்துக்கும் உரிய விஷயம் என்பதை அனுபவத்தால் அறிந்தார்கள்.

கேபிள் என்னும் தொழில் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பிறந்தது வீடியோ டெக்கிலிருந்து. கல்யாண வீட்டுக்கும் திருவிழாவுக்கும் டெக்கும் கேசட்டும் வாடகைக்குக் கொடுத்துவந்தவர்கள், ஒரே டெக்கிலிருந்து ஒயர் இழுத்துப் பக்கத்து வீடுகளுக்கும் படம் காட்டலாம் என்று கண்டுகொண்டார்கள். 1991-இல் வளைகுடா யுத்தத்தின் நேரடிக் காட்சிகள் பெருநகரங்களில் பரபரப்பை உண்டாக்கின. அதே வருஷத்தில் ஹாங்காங்கிலிருந்து ஸ்டார் தொலைக்காட்சி ஆசியா முழுவதற்கும் ஒளிபரப்பத் தொடங்கியது. 1993 ஏப்ரல் 14-ஆம் தேதி, தமிழ்ப் புத்தாண்டு நாளில், சன் தொலைக்காட்சி வந்தது. வாடகைக்கு டெக் கொடுத்தவர் மாடியில் பெரிய டிஷ் ஒன்றை நிறுத்தி, ஓர் அறையைக் கண்ட்ரோல் ரூம் ஆக்கி, தென்னை மரத்திலும் மின்கம்பத்திலும் ஒயரைக் கட்டி, மாதா மாதம் பணம் வசூலிக்கும் கேபிள்காரர் ஆனார். 1995-இன் கேபிள் தொலைக்காட்சிச் சட்டம் அவரைத் தலைமைத் தபால் நிலையத்தில் பதிவு செய்துகொள்ளச் சொல்லிற்று; தூர்தர்ஷன் அலைவரிசைகளை அவசியம் காட்டவேண்டும் என்றும் விதித்தது. காகிதத்தில் எழுதிய சேதியைச் சுமந்து வந்த அதே தபால் இலாகாவின் ஏட்டில், ஒளியாய் வரும் சேதியைச் சுமப்பவரும் பெயர் எழுதிக்கொண்டார்.

இந்த வட்டாரத்தில் கேபிள்காரரின் வேலை எளியதன்று. சாரல் காலத்தில் ஈரம் ஒயரின் இணைப்புகளில் இறங்கும். படம் புள்ளி புள்ளியாகச் சிதறும். ஐப்பசி, கார்த்திகையில் இடியுடன் பெய்யும் மழை வேறு. ஒரு மின்னலில் ஆம்ப்ளிபயர்கள் வரிசையாகக் கருகும். ஆட்டத்தின் உச்சக்கட்டத்தில், "அண்ணாச்சி, லைன் போயிட்டு" என்று நாலு தெருவிலிருந்தும் குரல் வரும்போது, நனைந்துகொண்டே கம்பத்தில் ஏறி இணைப்பைச் சரிசெய்தவர்களின் பிரயாசை எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் இடம்பெறவில்லை. 2002 ஜூலை 13-ஆம் தேதி லார்ட்ஸில் இங்கிலாந்தின் 325 ஓட்டங்களைத் துரத்திய இந்தியா, 146-க்கு ஐந்து விக்கெட்டுகளை இழந்து, யுவராஜ் சிங்காலும் முகமது கைஃபாலும் மீண்டெழுந்து, மூன்று பந்துகள் மிஞ்சியிருக்க வென்றது. அந்த வெற்றியை அன்றிரவே கிராமம் கிராமமாகக் கொண்டு சேர்த்த பெருமையில் கேபிள்காரர்களுக்கும் பங்குண்டு.

கேபிளின் இந்த வளர்ச்சிக்கு நடுவே, ஆட்டத்தைக் காட்டும் உரிமை யாருக்கு என்ற வினா நீதிமன்றத்தை அடைந்தது. 1993 நவம்பரில் நடைபெற்ற ஹீரோ கோப்பைப் போட்டிகளின் ஒளிபரப்பு உரிமையை வங்காள கிரிக்கெட் சங்கம் ஓர் அயல்நாட்டு நிறுவனத்துக்கு விற்றது. 1885-ஆம் வருஷத்துத் தந்திச் சட்டப்படி ஒளிபரப்பும் அதிகாரம் தங்களுக்கே உரியது என்று தூர்தர்ஷனும் மத்திய அரசாங்கமும் வாதித்தன. தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான அரையிறுதியில் ஆறு ஓட்டங்கள் தேவையாயிருந்த கடைசி ஓவரை டெண்டுல்கர் வீசி மூன்றே ஓட்டங்கள் கொடுத்த ஆட்டத்தைத் தேசம் பார்த்து வியந்த சமயத்தில், அதைக் காட்டும் உரிமை வழக்கில் கிடந்தது. 1995 பிப்ரவரி 9-ஆம் தேதி உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிற்று. வான் அலைகள் பொதுச்சொத்து. அவை அரசாங்கத்தின் ஏகபோகமும் அல்ல, பணம் படைத்தவர்களின் ஏகபோகமும் அல்ல. பொது நன்மைக்காக ஒரு பொது அமைப்பினால் நெறிப்படுத்தப்பட வேண்டியவை. காட்சியை அனுப்பும் உரிமையோடு அதைப் பெறும் உரிமையும் ஜனங்களுக்கு உண்டு என்பது அத்தீர்ப்பின் சாரம். சட்டம் என்ற தடை அன்று நீங்கியது. ஒரு கிரிக்கெட் வழக்கிலே பிறந்த இந்தத் தத்துவம் இந்திய ஜனநாயகத்தின் அரிய செல்வங்களுள் ஒன்று என்பது என் அபிப்பிராயம்.

அந்தத் தத்துவம் நடைமுறைக்கு வந்த வழியும் அறியத்தக்கது. 2004-இல் இந்திய அணி பாகிஸ்தானுக்குச் சென்றபோது, தனியார் அலைவரிசை ஒன்றிடம் மட்டும் இருந்த ஒளிபரப்பைத் தூர்தர்ஷனும் காட்டவேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு எழுந்து, விவகாரம் உச்சநீதிமன்றம் வரை போயிற்று. 2007-இல் இன்னொரு தொடரின் பொருட்டு அதே பிணக்கு மீண்டும் எழவே, பாராளுமன்றம் தனிச் சட்டமே இயற்றிற்று. தேச முக்கியத்துவம் வாய்ந்தவை என்று அரசாங்கம் அறிவிக்கும் ஆட்டங்களின் நேரடிக் காட்சியை, உரிமை பெற்ற நிறுவனம், தன் விளம்பரங்கள் இன்றி, தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதிக்கும் உடனுக்குடன் தரவேண்டும். அதனால் வரும் விளம்பர வருமானத்தில் நூற்றுக்கு 75 பங்கு உரிமையாளருக்கு, 25 பங்கு பிரசார் பாரதிக்கு. இந்திய ஆடவர் அணியின் ஒருநாள் ஆட்டங்களும் இருபது ஓவர் ஆட்டங்களும், ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு முதலியனவும் இந்த அறிவிப்பிலே இடம்பெற்றன. ஐ.பி.எல். இடம்பெறவில்லை. ஏழையின் வீட்டிலும் இந்த ஆட்டங்கள் தெரியவேண்டும் என்பதே சட்டத்தின் இதயம்.

அந்த ஏழை வீட்டுக்குப் பெட்டி வந்ததும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். 2006 செப்டம்பர் 15-ஆம் தேதி, அண்ணாவின் பிறந்த நாளில், தமிழ்நாட்டு அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. 2007-இல் அரசு கேபிள் டி.வி. கார்ப்பரேஷன் உருவாகி, சில காலம் முடங்கிக் கிடந்து, 2011 செப்டம்பர் 2-ஆம் தேதி புத்துயிர் பெற்றபோது, மாதம் 70 ரூபாய்க்கு 90 அலைவரிசைகள் என்று அறிவித்தது. கூலிவேலை செய்பவர் வீட்டிலும் கேபிள் நிலைபெற்றது இந்த எழுபது ரூபாயால்தான். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் புதிய விதிப்படி, நூறு அலைவரிசைகளுக்கு அடிப்படைக் கட்டணமே வரி நீங்கலாக 130 ரூபாய் வரை ஆயிற்று. கட்டண அலைவரிசைகளுக்கு மேற்கொண்டு தனித்தனி விலை. தொகுப்பிலே சேர்க்கப்படும் அலைவரிசைக்கு 19 ரூபாய் உச்சவரம்பு. தமக்கு வேண்டியதை மட்டும் தேர்ந்தெடுக்கலாம் என்பது விதியின் நோக்கமாயினும், விளையாட்டு அலைவரிசைகளை வேண்டுபவருக்கு மாதச் செலவு கூடியதுதான் கண்ட பலன். கேபிளை விடலாமா என்ற யோசனை பல வீடுகளில் வேரூன்றியதும் இந்த வருஷங்களில்தான்.

கேபிளுக்கு மாற்றாக முதலில் வந்தது வீட்டு மாடியில் வைக்கும் சிறு டிஷ். இதில் மலையடிவாரத்துக்கென்று ஒரு விசேஷமான சங்கடம் உண்டு. கேபிள்காரரின் பெரிய டிஷ் வாங்குவது பெரும்பாலும் 4 கிகாஹெர்ட்ஸ் அளவிலான அலை. மழை அதை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. வீட்டுச் சிறு டிஷ் வாங்குவதோ 11, 12 கிகாஹெர்ட்ஸ் அளவிலான அலை. அதன் அலைநீளம் குறுகியதாகையால் கனத்த மழைத்துளிகள் அதை உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகின்றன. மெல்லிய சாரலில் படம் நிற்கும். மேகம் திரண்டு கொட்டும்போது திரை கறுத்துவிடும். பூமிக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளிலிருந்து தடையின்றி வந்த காட்சி, கடைசிச் சில கிலோமீட்டர் மழைத் திரையில் தோற்றுப்போவதை இந்த ஊர்க்காரர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. பூமிக்குள்ளும் கம்பத்திலும் செல்லும் கண்ணாடியிழைக்கு அந்தப் பயம் கிடையாது.

அந்த இழையும் செல்பேசி அலையும் கொண்டுவந்ததே இன்றைய நிலை. 2015 உலகக் கோப்பையை ஒட்டி ஹாட்ஸ்டார் என்ற இணையச் சேவை தொடங்கியது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையத்தின் விலையை வீழ்த்தியது. பேருந்திலும் வயல் வரப்பிலும் அமர்ந்து ஆட்டம் பார்க்கும் காலம் பிறந்தது. 2019 ஜூலையில் மான்செஸ்டரில் இந்தியாவும் நியூசிலாந்தும் ஆடிய அரையிறுதி, மழையால் மறுநாளைக்குத் தள்ளிப்போயும், ஒரே சமயத்தில் 2.53 கோடிப் பேரை இணையத் திரைகளின் முன் நிறுத்தியது. 2023 நவம்பர் 19-ஆம் தேதி அகமதாபாத் இறுதியாட்டத்தில் அந்த எண்ணிக்கை 5.9 கோடியை எட்டியது. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் ஒரு மென்பொருள் நிறுவனம் கிராமத்தில் இருந்துகொண்டே உலகத்துக்கு வேலை செய்கிறது என்றால், இணையம் இந்த மலையடிவாரத்தில் எவ்வளவு வேரூன்றியுள்ளது என்பதை ஊகித்துக்கொள்ளலாம். ஒயர் இழுத்த அதே கேபிள்காரர்களில் பலர் இன்று வீடுகளுக்கு இணைய இணைப்புக் கொடுப்பவர்களாக மாறியிருக்கிறார்கள். தொழிலின் பெயர் மாறினாலும், லைன் போனால் கூப்பிடவேண்டியவர் அதே அண்ணாச்சிதான்.

இணையத்தில் வரும் நேரடிக் காட்சிக்கு ஒரு குணபேதம் உண்டு. அது காட்சியைச் சில விநாடித் துண்டுகளாக நறுக்கி, இணைப்பின் வேகத்துக்கேற்பப் பல தரங்களில் தயாரித்து, வெவ்வேறு ஊர்களிலுள்ள கணினிகளில் நிறுத்தி, அங்கிருந்து வீட்டுக்கு அனுப்புகிறது. வீட்டுத் திரையும் தடங்கல் நேராதிருக்கச் சில துண்டுகளை முன்கூட்டியே சேமித்து வைத்துக்கொள்கிறது. இதனால் கேபிளில் தெரிவதைவிடச் சில விநாடிகள் முதல் அரை நிமிஷம் வரையிலும், சில சமயம் அதற்கு மேலும் தாமதமாகிறது. பக்கத்து வீட்டில் கேபிள் இருந்தால், அவர்கள் எழுப்பும் ஆரவாரம் பந்து வீசப்படுமுன்பே நமக்கு முடிவைச் சொல்லிவிடும். ஒரே தெருவில் ஒரே ஆட்டத்தை மூன்று நேரங்களில் பார்க்கும் விசித்திரம் இது. தாமதத்தைக் குறைக்கும் முயற்சிகள் நடந்துவருகின்றன. அதுவரை, ஆட்டத்தின் உயிர்நாடியான அந்த ஒரே நிமிஷத்தை மதிப்பவர்கள் கேபிளையோ சிறு டிஷ்ஷையோ கைவிடத் தயங்குவதில் நியாயம் இருக்கிறது.

இணையத்தால் விளைந்த நன்மையையும் மறைக்கலாகாது. வானொலிக் காலம் தொட்டு வெளியுலகத்து ஆட்டத்தைப் பெறுபவராக மட்டுமே இருந்த கிராமத்தார், இப்போது தங்கள் ஆட்டத்தை வெளியுலகத்துக்கு அனுப்புபவர்களாகவும் ஆகியிருக்கிறார்கள். கோயில் கொடையை ஒட்டியும் பொங்கலை ஒட்டியும் நடைபெறும் மின்னொளிக் கபடிப் போட்டிகளைச் செல்பேசியின் வழியே யூடியூபில் நேரடியாகக் காட்டும் இளைஞர்கள் தென்மாவட்டமெங்கும் இருக்கிறார்கள்; வளைகுடா நாட்டில் வேலைபார்க்கும் ஊர்க்காரர் அங்கிருந்தே தம் ஊர் அணியைப் பார்க்கிறார். 2014-இல் கபடிக்குத் தொழில்முறைப் போட்டி வந்து, 2017-இல் தமிழ் தலைவாஸ் அணி தோன்றிய பிறகு, மண்ணில் ஆடிய ஆட்டத்துக்குத் திரையிலும் மதிப்புக் கூடியது. திருநெல்வேலிச் சங்கர் நகர் மைதானத்தில் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்கள் நடைபெற்று நாடெங்கும் ஒளிபரப்பானதும் இதே கதையின் ஓர் அங்கம்.

விலையைப் பற்றிச் சொல்லவேண்டியது கடைசியாக நிற்கிறது. 2023 முதல் 2027 வரையிலான ஐந்து வருஷ ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை மொத்தம் 48,390 கோடி ரூபாய்க்கு ஏலம் போயிற்று. இந்தியாவுக்குரிய தொலைக்காட்சி உரிமை 23,575 கோடி. இணைய உரிமைகள், தனித்தொகுப்பையும் சேர்த்து, 23,758 கோடி. அந்த ஏலத்தில் இணையம் தொலைக்காட்சியை முந்திற்று. 2023-இல் இணையத்தில் ஐ.பி.எல். ஆட்டத்தை இலவசமாகவே காட்டினார்கள்; 2025 பிப்ரவரி 14-ஆம் தேதி இரண்டு பெரிய சேவைகள் ஒன்றாகி ஜியோஹாட்ஸ்டார் ஆன பிறகு கட்டணம் பிரதானமாயிற்று. போட்டியாளர்கள் இருவராக இருந்தபோது இலவசமாகக் கிடைத்தது, ஒருவரானதும் விலைப்பொருளாகிவிடும் என்பது வியாபாரத்தின் இயல்பு. அதைக் குறைகூறிப் பயனில்லை. நாம் கேட்கவேண்டிய கேள்வி, 1995-இன் தீர்ப்பும் 2007-இன் சட்டமும் ஏழை வீட்டுக்கு வாக்களித்த பங்கு இன்று எங்கே இருக்கிறது என்பதே.

2007-இன் சட்டம், பகிர்ந்துகொண்ட காட்சியைப் பிரசார் பாரதி தன் தரைவழி ஒளிபரப்பிலும் தன் டிஷ் சேவையிலும் காட்டலாம் என்று சொல்லிற்று. தனியார் கேபிளின் வழியே அதை அனுப்பக்கூடாது என்று 2017 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் வரையறுத்தது. 2022-க்குள் தூர்தர்ஷனின் தரைவழிக் கோபுரங்களில் பெரும்பாலானவை ஓய்வுபெற்றுவிட்டன. ஆன்டெனாவும் பொதிகை மலைக்காற்றுமே போதுமென்றிருந்த வீட்டுக்கு இப்போது அந்தப் பங்கு வந்து சேர ஒரே வழி, மாதக் கட்டணம் இல்லாத டிடி பிரீ டிஷ் மட்டும்தான். கேபிளை விட்டுவிட நினைப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியதும் இதுவே: ஒருமுறை செலவு செய்து அந்தச் சிறு டிஷ்ஷை மாடியில் பொருத்திக்கொள்ளுங்கள், தேசத்துக்குரியவை என்று சட்டம் ஒதுக்கிய ஆட்டங்கள் அதில் வரும், மற்றவற்றுக்குப் போட்டி நடக்கும் மாதங்களில் மட்டும் இணையச் சந்தா கட்டினால் போதும், வருஷம் முழுவதும் இரண்டுக்கும் பணம் கொடுக்கவேண்டிய அவசியமில்லை.

ஆனால் தனி மனிதரின் சாமர்த்தியத்தால் தீரும் விஷயமாக இதை விட்டுவிடுவது நியாயமாகாது. ஜனங்கள் இணையத்துக்குப் போய்விட்டார்கள். சட்டம் இன்னும் கோபுரத்தின் அடியிலும் டிஷ்ஷின் நிழலிலும் நின்றுகொண்டிருக்கிறது. பிரசார் பாரதி 2024 நவம்பரில் வேவ்ஸ் என்ற தன் சொந்த இணையச் சேவையைத் தொடங்கிவிட்டது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடியிழையால் இணைக்கும் திட்டமும் நம் கண்முன்னே நடந்துவருகிறது. தேச முக்கியத்துவம் வாய்ந்த ஆட்டங்களைப் பொது ஒளிபரப்பாளரின் இணையச் சேவையிலும் கட்டணமின்றிக் காட்டவேண்டும் என்று ஒரு திருத்தம் கொண்டுவந்து, உரிமையாளர்களுக்கு முன்போலவே வருமானத்தில் முக்கால் பங்கைக் கொடுத்துவிட்டால், வியாபாரத்துக்கும் பங்கமில்லை, பொதுஜனங்களுக்கும் நஷ்டமில்லை. ஒரு காலத்தில் ஊராட்சி வானொலி செய்த வேலையை ஊராட்சிக்கு வந்துசேரும் இந்த இழை செய்யவேண்டும். அந்தந்த ஊர் நூலகத்திலோ சமுதாயக் கூடத்திலோ ஒரு பெரிய திரை வைத்தால், தனித்தனியே செல்பேசியைக் குனிந்து பார்க்கும் இளைஞர்களும் முதியவர்களும் மறுபடி சேர்ந்து உட்காருவார்கள். மலையை வென்றது விஞ்ஞானம். சட்டத்தின் தடையை நீக்கியது நீதிமன்றம். விலையென்னும் இந்த மூன்றாவது தடையை நீக்கவேண்டியது பாராளுமன்றத்தின் கடமை, அதைக் கேட்டுப் பெறவேண்டியது புளியறை முதலாக இந்நாட்டின் ஒவ்வொரு கிராமத்தின் உரிமை.